யானை, கயிறு, ‘கற்ற கையறுநிலை’: இதில் அறிவியல் எவ்வளவு, ஆபீஸ் ஸ்லைடு எவ்வளவு?

தாம்பரம்_லோக்கல் · திங்கள், இரவு 10.05

ஓஎம்ஆர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. பெயர் வேண்டாம். போன வாரம் எங்களை எல்லாம் உட்காரவைத்து ஒரு மோட்டிவேஷன் வகுப்பு எடுத்தார்கள். குட்டியில் சங்கிலி போட்டுக் கட்டிய யானை, பெரிதான பிறகு சின்னக் கயிற்றைக்கூட அறுக்காதாம். இதற்குப் பெயர் லேர்ன்ட் ஹெல்ப்லெஸ்னஸ், அதாவது கற்ற கையறுநிலை. “உங்க கயிறு உங்க மண்டைக்குள்ளதான் இருக்கு” என்று வகுப்பை முடித்தார் டிரெய்னர். டீமில் கொஞ்சம் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர்கள் வேலையையும் எங்கள் தலையில் கட்டிய கையோடு இந்த வகுப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நெட்டில் தேடினால் நாய், ஷாக் என்றுதான் வருகிறது, யானையைக் காணோம். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உண்மையில் என்ன கண்டுபிடித்தார்கள்? மூளைக்குள் என்ன நடக்கிறது? டிரெய்னர் சொன்ன முடிவு அந்த ஆராய்ச்சியிலிருந்துதான் வருகிறதா?

நீலாங்கரை_நண்டு · இரவு 10.11

யானைக்கு அப்ரைசல் கிடையாது ப்ரோ. அதான் நிம்மதியா நிக்குது.

பழைய_பேப்பர் · இரவு 11.40

யானைக் கதைக்குப் பின்னால் நான் அறிந்து எந்தச் சோதனையும் இல்லை. கோயில் யானையின் காலில் கிடப்பது நிஜச் சங்கிலி. பக்கத்தில் அங்குசத்தோடு பாகனும் நிற்கிறார். அது நகராமல் நிற்பதற்கு மண்டைக்குள் ஒரு கயிறு எதற்கு?

அசல் கதை நாயிடம்தான் தொடங்குகிறது. 1960களின் நடுவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் சாலமன் என்பவரின் ஆய்வகம். ஒரு ஒலியையும் மின்னதிர்ச்சியையும் சேர்த்துச் சேர்த்துக் கொடுத்து நாய்களைப் பழக்குவார்கள். பிறகு அதே நாயை வேறொரு பெட்டியில் விட்டு, தப்பிக்கக் கற்றுக்கொள்வதில் அந்த ஒலி என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். சில நாய்கள் தப்பிக்க முயலவே இல்லை. நடத்த வந்த சோதனைக்கு அது இடைஞ்சல். புரூஸ் ஓவர்மையர், மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் மூவரும் அந்த இடைஞ்சலையே ஆராய எடுத்துக்கொண்டார்கள்.

1967இல் செலிக்மனும் மையரும் வெளியிட்ட சோதனையின் அமைப்பைப் புரிந்துகொண்டால் போதும், பாதி விஷயம் கையில் வந்துவிடும். நாய்கள் மூன்று குழு. முதல் குழு நாய்க்கு ஷாக் வரும்போது தலையால் ஒரு பலகையை அழுத்தினால் ஷாக் நின்றுவிடும். இரண்டாவது குழு நாயின் பலகை வெறும் பலகை. முதல் குழு நாய்கள் எவ்வளவு நேரம் ஷாக் வாங்கினவோ அவ்வளவு நேரம்தான் இதற்கும். ஆகவே இரண்டும் வாங்கிய ஷாக் அளவில் ஒன்றே. மூன்றாவது குழுவுக்கு ஷாக்கே இல்லை.

மறுநாள் மூன்று குழுவையும் நடுவில் தாழ்வான தடுப்பு உள்ள பெட்டியில் விட்டார்கள். தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம். முதல் குழுவும் மூன்றாவது குழுவும் சீக்கிரமே தாண்டக் கற்றுக்கொண்டன. இரண்டாவது குழுவில் முக்கால்வாசி நாய்கள் முனகிக்கொண்டு அப்படியே கிடந்தன.

வலி ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். நிறுத்துவது தன் கையில் இருந்ததா இல்லையா என்பது மட்டுமே வித்தியாசம். மீதி நாய்கள் எப்படியோ தப்பித்தன என்பதையும் மறக்காதீர்கள். மோட்டிவேஷன் வகுப்புகளில் இது வராது.

சந்தேகப்_பேர்வழி · செவ்வாய், காலை 6.50

அந்த நாய்களை நினைத்தால் காலைக் காபி இறங்கவில்லை. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவிடமும் இதற்குச் சுலபமாக அனுமதி வாங்க முடியாது. அதோடு, பெட்டிக்குள் படுத்த நாயிலிருந்து தி.நகரில் பஸ்ஸுக்கு நிற்கிற மனிதனுக்குத் தாவுவது பெரிய தாவல். மனிதர்களிடம் சோதித்திருக்கிறார்களா?

இதற்கு நேர் எதிரான சோதனை ஒன்றும் உண்டே? 1958இல் ஜோசப் பிரேடியின் ‘எக்ஸிக்யூட்டிவ் குரங்குகள்’. பொத்தானை அழுத்தி ஷாக்கைத் தவிர்க்கும் பொறுப்பு இருந்த குரங்குக்குத்தான் குடல்புண் வந்தது, சும்மா உட்கார்ந்திருந்த ஜோடிக் குரங்குக்கு வரவில்லை. கட்டுப்பாடு இருப்பதுதான் ஆபத்து என்றல்லவா ஆகிறது?

பழைய_பேப்பர் · காலை 9.15

நல்ல கேள்வி. பிரேடி சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை. எந்தக் குரங்கு சீக்கிரம் அழுத்தக் கற்றதோ அதையே எக்ஸிக்யூட்டிவ் ஆக்கினார். அதாவது முதலிலிருந்தே துடிப்பும் பதற்றமும் கூடிய குரங்குகள் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டன. பிறகு ஜே வைஸ் எலிகளைச் சரியாகக் கலந்து பிரித்துப் பார்த்தபோது முடிவு மாறியது: கட்டுப்பாடு இல்லாத எலிக்குத்தான் வயிற்றுப் புண் அதிகம். பிரேடியின் குரங்குகளைத்தான் ‘மேனேஜர் டென்ஷன்’ என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மனிதர்களிடம் 1974இல் டொனால்ட் ஹிரோட்டோ செய்தார். ஷாக் இல்லை, எரிச்சலூட்டும் பெரிய சத்தம். ஒரு குழு பொத்தானை அழுத்தி நிறுத்தலாம், இன்னொன்றால் முடியாது. அடுத்த கட்டத்தில் இரு குழுவுக்கும் சுலபமாக நிறுத்த வழி உண்டு. முதலில் முடியாமல் போனவர்களில் நிறையப் பேர் அந்த வழியைத் தேடாமலே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மறுவருடம் ஹிரோட்டோவும் செலிக்மனும் விடையே இல்லாத புதிர்களைக் கொடுத்தும் இதே விளைவைக் காட்டினார்கள்.

மருந்துச்சீட்டு · பிற்பகல் 2.30

சைக்கியாட்ரி பிஜி படிக்கிறேன். டூட்டி நடுவுல எழுதுறேன், கோர்வையா இருக்காது. மூளை பத்திக் கேட்டீங்கல்ல, அங்கேதான் கதையே திரும்புது.

1967 விளக்கம் என்ன? ‘நான் என்ன செஞ்சாலும் ஒன்னும் மாறாது’ன்னு விலங்கு கத்துக்குது, அதையே அடுத்த இடத்துக்கும் தூக்கிட்டுப் போகுதுன்னாங்க. கிட்டத்தட்ட 50 வருஷம் கழிச்சு, 2016ல, அதே செலிக்மனும் மையரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினாங்க. மையர் அதுக்கு நடுவுல கொலராடோவுல நரம்பியல் பக்கம் போய், எலிகளோட மூளையிலேயே பல வருஷம் வேலை பார்த்தவர். அந்தக் கட்டுரையில தங்களோட பழைய விளக்கத்தையே தலைகீழாத் திருப்பிட்டாங்க. முடங்கிப்போறது கத்துக்கிட்டது இல்லையாம். அது உடம்போட இயல்பான முதல் எதிர்வினை. கத்துக்க வேண்டியது கட்டுப்பாட்டைத்தான்.

மூளைத்தண்டுல டார்சல் ராஃபேன்னு ஒரு சின்ன நரம்பணுக் கூட்டம் இருக்கு. மூளையோட பல பகுதிகளுக்கும் செரோடோனின், அதாவது நரம்பணுக்களுக்கு நடுவுல சேதி கடத்துற ஒரு வேதிப்பொருள், அனுப்புற முக்கியமான இடம். கடுமையான துன்பம் நீண்டுக்கிட்டே போனா இது தீவிரமா வேலை செய்ய ஆரம்பிக்கும். இங்கேருந்து போற இழைகள் ஒரு பக்கம் அமிக்டலாவைத் தூண்டும், பயமும் பதற்றமும் கூடும். இன்னொரு பக்கம், எதிர்த்து நிக்க இல்ல ஓட வைக்கிற நடுமூளைப் பகுதியை அடக்கும். உள்ளுக்குள்ள படபடப்பு, வெளியே அசைவே இல்ல. வார்டுல தினமும் பார்க்கிற முகம் இது.

ஷாக்கை நிறுத்த வழி இருந்த எலிக்கு மட்டும் ஏன் இது நடக்கல? நெத்திக்குப் பின்னாடி இருக்கிற முன்மூளைப் பகுதி, குறிப்பா அதோட நடுப்பக்கம், ‘நான் செய்யறதாலதான் இது நிக்குது’ங்கிறதைக் கண்டுபிடிச்சு ராஃபேவுக்கு பிரேக் போடுது.

2005ல மையர் குழு ஒன்னு செஞ்சாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை. முன்காலால சக்கரத்தைத் திருப்பினா வால்ல வர ஷாக் நிக்கும். மஸ்கிமால்னு ஒரு மருந்தால அந்த முன்மூளைப் பகுதியைக் கொஞ்ச நேரம் முடக்கிட்டு எலியை விட்டாங்க. எலி எப்பவும் போலச் சக்கரத்தைத் திருப்புது, ஷாக்கை நிறுத்துது, அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா பின்னாடி சோதிச்சா, கட்டுப்பாடே கிடைக்காத எலி மாதிரி முடங்கிக் கிடக்கு. கை வேலை செஞ்சது, ‘நான்தான் செஞ்சேன்’ங்கிற சேதி ராஃபேவுக்குப் போய்ச் சேரல. இதையே திருப்பியும் செஞ்சாங்க. தப்ப வழியே இல்லாத எலியில அந்தப் பகுதியை மருந்தால தூண்டிவிட்டா, எலி முடங்கல.

ஒரு எச்சரிக்கை. ‘செரோடோனின் குறைஞ்சா டிப்ரஷன், ஏத்தினா சரி’ங்கிற வாட்சப் சூத்திரத்தோட இதைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. மாத்திரை சாப்பிடறவங்க இதைப் படிச்சுட்டு நிறுத்திடாதீங்க. எலியோட ராஃபேக்கும் உங்க சீட்டுக்கும் நடுவுல நிறைய தூரம் இருக்கு.

தாம்பரம்_லோக்கல் · மாலை 6.20

> கத்துக்க வேண்டியது கட்டுப்பாட்டைத்தான்

டாக்டர், அப்படியென்றால் ‘நீ கற்றுக்கொண்ட இயலாமையை மறந்துவிடு’ என்று வகுப்பெடுப்பதில் அர்த்தமே இல்லையே? மறக்க அங்கே எதுவும் இல்லை. புதிதாக ஏதாவது கையில் கிடைத்தால்தான் மாறும்.

மருந்துச்சீட்டு · மாலை 6.55

அதேதான். நாய்கள்லயும் அதைத்தான் பார்த்தாங்க. 1968ல செலிக்மன், மையர், கீர் மூணு பேரும் முடங்கின நாய்களைத் தேத்தப் பார்த்தாங்க. கூப்பிட்டாங்க, தடுப்பையே எடுத்துட்டாங்க, அந்தப் பக்கம் சாப்பாடு வெச்சாங்க. அசையல. கடைசியில கழுத்துல கயிறு கட்டி இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் திரும்பத் திரும்ப இழுத்தாங்க. தன் கால் நகர்ந்தா ஷாக் நிக்குதுன்னு உடம்பு பல தடவை உணர்ந்த பிறகுதான் தானா தாண்டுச்சு. எடுத்துச் சொல்லி எந்த நாயும் எழுந்திருக்கல.

இன்னொன்னு, முன்கூட்டியே கட்டுப்பாட்டை அனுபவிச்ச விலங்கு அப்புறம் தப்பவே முடியாத ஷாக்கை வாங்கினாலும் முடங்கறதில்ல. நாய்லயும் எலியிலயும் இதைப் பார்த்திருக்காங்க. தடுப்பூசி மாதிரின்னு அவங்களே சொல்றாங்க.

முடிச்சூர்_மாடி · இரவு 9.30

எல்லாம் நல்லா இருக்கு, என் கேஸ் சொல்றேன். 2015 டிசம்பர்ல கீழ்வீடு மொத்தமா முழுகிப்போச்சு. போட்ல வந்துதான் எங்கம்மாவை எறக்குனாங்க. மனு குடுத்தோம், தெருவே சேந்து போய் நின்னோம், போட்டோ எடுத்தோம், கால்வாய் வரும்னாங்க. 2023 மிக்ஜாம் புயல்ல மறுபடி தண்ணி. இப்பல்லாம் ஐப்பசி பொறந்தாலே மிக்ஸி, கிரைண்டர், பீரோத் துணி எல்லாத்தையும் மாடிக்கு ஏத்திடுவேன். வேளச்சேரில என் மச்சான் காரைக் கொண்டுபோய் ஃப்ளைஓவர் மேல விட்டுடுவான். மனு குடுக்கிறதை நிறுத்திட்டேன். வார்டு கூட்டத்துக்கும் போறதில்ல.

என் மூளைல ராஃபே ஏறிடுச்சா? இல்ல எனக்கு நல்லாவே புத்தி வேலை செய்யுதா? ‘ஜனங்க அலட்சியம், எதையும் கேக்க மாட்டாங்க’ன்னு டிவில ஒருத்தர் சொன்னப்போ ரிமோட்டைத் தூக்கி அடிக்கணும்போல இருந்துச்சு.

சந்தேகப்_பேர்வழி · இரவு 9.58

முடிச்சூர் அண்ணன் போட்டதுதான் இந்த இழையின் முக்கியமான பதிவு.

சோதனையில் இரண்டு பெட்டி இருந்ததைக் கவனியுங்கள். முதல் இடத்தில் நாய்க்கு வழியில்லை. அங்கே அது அடங்கிப்போனதைக் குறை என்று யாரும் சொல்லவில்லை. இரண்டாவது பெட்டியில் வழி திறந்திருந்தும் தாண்டாததைத்தான் கையறுநிலை என்றார்கள். ஆக, ஒரு ஆளைப் பார்த்து அந்தப் பட்டத்தைக் கொடுக்கும் முன் ஒன்றைக் காட்டியாக வேண்டும்: இப்போது அவர் முன்னால் வழி உண்மையாகவே திறந்திருக்கிறதா? மனுவுக்குப் பதிலே வராத ஊரில் மனு எழுதாமல் மிக்ஸியை மாடிக்கு ஏற்றுகிறவர் முடங்கியவர் இல்லை. எது தன் கையில் இருக்கிறதோ அதைத் துல்லியமாகச் செய்கிறார்.

ஓஎம்ஆர் டிரெய்னர் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிட்டார். ஆட்களைக் குறைத்தவர்களே வந்து தடுப்பு தாழ்வாகத்தான் இருக்கிறது என்று சொல்வது எனக்கு ரசிக்கவில்லை.

இந்தக் கருத்தை இதைவிட மோசமான இடத்திலும் பயன்படுத்தியிருக்கிறார்கள். 2001க்குப் பிறகு அமெரிக்க உளவுத்துறை தன் கைதிகளை விசாரித்த முறைகளை வகுத்த இரண்டு உளவியலாளர்கள் கற்ற கையறுநிலையைத்தான் ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். 2014இல் வெளிவந்த அமெரிக்க செனட் அறிக்கையில் இது இருக்கிறது. குணப்படுத்துவதற்காகப் படித்த நிலையை வேண்டுமென்றே உண்டாக்கப் பார்த்தார்கள்.

பழைய_பேப்பர் · இரவு 10.30

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் முழுதாக இல்லை. முடிச்சூர்க்காரரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். மனுவை நிறுத்தியது நியாயம். வார்டு கூட்டத்துக்கும் போவதில்லை என்கிறீர்களே, அது மனு பயனற்றுப் போனதிலிருந்து பரவியதாக இருக்கலாம். 1978இல் லின் ஆப்ரம்சன், செலிக்மன், ஜான் டீஸ்டேல் மூவரும் கோட்பாட்டைத் திருத்தி எழுதியபோது இந்தப் பரவலைத்தான் பிடித்தார்கள். தோல்விக்கு நாம் சொல்லிக்கொள்ளும் காரணம் எப்படிப்பட்டது? என்னாலா, வெளியாலா? இப்போது மட்டுமா, எப்போதுமா? இந்த ஒரு விஷயத்திலா, எல்லாவற்றிலுமா? என்னால்தான், எப்போதும் இப்படித்தான், எதிலும் இப்படித்தான் என்று சொல்லிக்கொள்பவர் அதிகம் சரிகிறார்.

முடிச்சூர்_மாடி · இரவு 10.41

கூட்டத்துக்குப் போனா டீயும் பிஸ்கட்டும் குடுப்பாங்க சார். அதுக்கு வேணா வர்றேன்.

சமையலறை_சன்னல் · புதன், காலை 11.20

இந்த இரண்டாவது பெட்டி விஷயம் எங்கள் வேலையில் தினமும் வரும். குடும்ப வன்முறையில் சிக்கிய பெண்களுக்கு ஆலோசனை சொல்லும் இடத்தில் இருந்திருக்கிறேன். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, “அவ ஏன் இன்னும் அங்கேயே இருக்கா?” 1979இல் லெனோர் வாக்கர் இதற்கு விடையாகக் கற்ற கையறுநிலையைத்தான் எடுத்தார். அந்தக் காலத்தில் அது உதவியும் செய்தது, ‘அவளுக்கு அடி பிடித்திருக்கிறது’ என்ற அசிங்கமான பேச்சுக்கு அது ஒரு மறுப்பு.

ஆனால் 1988இல் எட்வர்ட் காண்டால்ஃப், எலன் ஃபிஷர் இருவரும் டெக்சஸில் காப்பகங்களுக்கு வந்த 6,000க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைப் பார்த்தார்கள். அடி கூடக் கூட அந்தப் பெண்கள் உதவி தேடுவதும் கூடியிருந்தது. அவர்கள் சும்மா இருக்கவில்லை. உதவ வேண்டிய இடங்கள்தான் அசையாமல் இருந்தன.

நான் பார்த்ததும் அதுதான். அம்மா வீட்டுக்குப் போனால் “பிள்ளைங்களுக்காகப் பொறுத்துக்கோ” என்பார்கள். ஸ்டேஷனுக்குப் போனால் “அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா” என்று இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசி அனுப்புவார்கள். மறுபடி அதே வீடு. இவளை முடங்கிவிட்டாள் என்பதா? சேலைக்குள் நூறு நூறாகச் சேர்த்து வைத்திருப்பாள், பிள்ளையின் ஆதாரையும் மார்க் ஷீட்டையும் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருப்பாள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் செய்யாதவள் மாதிரித்தான் தெரியும்.

இதைப் படிக்கிற யாருக்காவது தேவைப்பட்டால் பெண்களுக்கான உதவி எண் 181, எந்த நேரமும் எடுப்பார்கள். ஒரு முறை சரியாகப் பேசவில்லையென்றால் மறுபடி கூப்பிடுங்கள்.

மயிலை_மாடவீதி · பிற்பகல் 12.45

என் பாட்டிக்கு எண்பதைத் தாண்டியாச்சு. கீழே விழுந்துடுவாங்கன்னு சமையலறைக்குள்ள விடறதில்ல, பூ தொடுக்க ஊசி தரதில்ல, கோயிலுக்கு ஆட்டோல நாங்களே கூட்டிண்டு போயிட்டு வந்துடறோம். ஆறு மாசமா எதைக் கேட்டாலும் “உங்க இஷ்டம்டா”ங்கறாங்க. இந்த இழையைப் படிச்சதும் திக்குன்னு இருக்கு. இதுவும் அதுல சேருமா?

பழைய_பேப்பர் · பிற்பகல் 1.30

1976இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் இருவரும் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்து பார்த்தார்கள். ஒரு தளத்தில் இருந்தவர்களிடம் ‘உங்கள் அறை, உங்கள் நேரம், நீங்களே முடிவு செய்யுங்கள்’ என்று சொல்லி, ஆளுக்கொரு செடி கொடுத்து அவர்களையே பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். இன்னொரு தளத்திலும் செடி உண்டு, தண்ணீர் ஊற்றுவது நர்ஸ். சில வாரத்திலேயே முதல் தளத்தார் கலகலப்பாகவும் சுறுசுறுப்பாகவும் இருந்தார்கள்.

சந்தேகப்_பேர்வழி · பிற்பகல் 1.52

ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தால் முதல் தளத்தில் இறப்பும் குறைவு என்று அடுத்த கட்டுரை வந்தது. அதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்த இறப்புக் கணக்கில் பிழை இருந்ததாக ஆசிரியர்களே பிறகு திருத்தம் வெளியிட்டார்கள், வித்தியாசம் முதலில் சொன்ன அளவுக்கு உறுதியில்லை. செடி கொடுத்தால் ஆயுள் கூடும் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பாட்டிக்கு ஊசியைக் கொடுத்துவிடுங்கள், அதற்கு ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

நீலாங்கரை_நண்டு · பிற்பகல் 2.04

ஊசியும் குடுங்க, டிவி ரிமோட்டும் குடுங்க. ரிமோட்தான் அதிகாரம்.

நங்கநல்லூர்_அக்கா · இரவு 8.15

ரெண்டு நாளா படிச்சிட்டு இருந்தேன், இப்பதான் எழுத வந்தது. என் தம்பி இன்ஜினியரிங் முடிச்சு வெளிய வந்தப்போ கொஞ்சம் அரியர். மொதல்ல நல்லாத்தான் எழுதினான். மேத்ஸ் பேப்பர் ஒன்னு திரும்பத் திரும்ப ஒன்னு ரெண்டு மார்க்ல போச்சு. ரீவேல்யூவேஷன் போட்டும் வரல. இப்ப மத்த பேப்பருக்கும் ஹால் டிக்கெட் எடுத்துட்டு வந்து வீட்லயே படுத்திருக்கான். முன்னெல்லாம் சுலபமா பாஸ் பண்ற சப்ஜெக்ட் கூட. அப்பா ‘சோம்பேறி’ன்னு கத்துறார். அம்மா வடபழனிக்கு வேண்டிண்டிருக்கா. அவன் ராத்திரி முழுக்க முழிச்சிருக்கான், காலைல தூங்கறான்.

அறிவுரை எல்லாரும் சொல்லியாச்சு. என்ன செய்யலாம்?

கணக்கு_டீச்சர் · இரவு 9.10

அக்கா, பள்ளியில் இதைத் தினமும் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1975இல் கேரல் டுவெக், தோல்வி வந்தாலே கையை விரித்துவிடும் 12 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார். எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வரை. பாதிப் பேருக்குச் சுலபமான கணக்காகக் கொடுத்து வெற்றி மேல் வெற்றி. மீதிப் பேருக்கு நடுநடுவே தோல்வியும் வரும்படி வைத்து, அப்போதெல்லாம் ‘இன்னும் கொஞ்சம் முயன்றிருக்க வேண்டும்’ என்று காரணத்தை முயற்சியின் பக்கம் திருப்பினார். கடைசியில் எல்லோருக்கும் கடினமான கணக்கு. வெற்றி மட்டுமே பார்த்த பிள்ளைகள் முன்போலவே சரிந்தார்கள். காரணத்தை மாற்றிப் பார்க்கப் பழகியவர்கள் தாக்குப்பிடித்தார்கள், சிலர் முன்னைவிட நன்றாகவே செய்தார்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. உண்மையிலேயே கடுமையாகப் படித்துவிட்டுத் தோற்ற பிள்ளையிடம் போய் ‘முயற்சி போதாது’ என்றால் அது பொய், அதற்கும் அது தெரியும். அந்த மாதிரிப் பிள்ளையிடம் நான் பேச்சை முயற்சியிலிருந்து முறைக்கு மாற்றிவிடுவேன். விடைத்தாளை வாங்கி, எந்தக் கேள்வியில் எந்த வரியில் மார்க் போனது என்று பென்சிலால் கோடு போடுவோம். ‘எனக்கு மேத்ஸ் வராது’ என்று வந்தவன் ‘எனக்கு லாப்லாஸ் மாற்றத்தில் இந்த ஸ்டெப் வராது’ என்று சொல்ல ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது. பழைய_பேப்பர் சொன்ன ‘எதிலும்’ என்பது ‘இதில்’ ஆகிறது.

பிளஸ் டூவில் ரிசல்ட் வந்த கையோடு துணைத் தேர்வு வைக்கிறார்களே, அதன் அருமை எங்களுக்குத்தான் தெரியும். முன்பு மாதிரி மாதக்கணக்கில் ஊர்வாயில் விழுந்துகொண்டு உட்கார வேண்டியதில்லை. தோற்ற பிள்ளைக்கு உடனே செய்ய ஒரு வேலை கிடைக்கிறது.

மருந்துச்சீட்டு · இரவு 10.20

டீச்சர் சொன்னதோட ஒன்னு சேர்க்கிறேன். எலிகள்ல ராஃபே கிளர்ச்சி சில நாள்ல தணிஞ்சிடும். மனுஷங்க மாசக்கணக்குல படுத்திருந்தா அதுக்கு ராஃபே மட்டும் காரணமா இருக்க முடியாது. இனிமேலும் இப்படித்தான்ங்கிற எதிர்பார்ப்பு, கெட்ட தூக்கம், வீட்டுல விழற திட்டு எல்லாம் சேர்ந்து அதை ஓட்டிட்டே இருக்கும்.

ராத்திரி முழிப்பு, பகல் தூக்கம், முன்னாடி வந்த பாடமும் வேண்டாம்ங்கிறது, இதெல்லாம் ரெண்டு வாரத்துக்கு மேல போனா டிப்ரஷனான்னு ஒரு டாக்டர் பார்த்துடணும். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துலயும், அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்லயும் ஓபி இருக்கு, காசு கிடையாது. ‘கீழ்ப்பாக்கம்’னாலே வீட்டுல சண்டை வரும்னா முதல்ல 14416க்கு போன் பண்ணுங்க, டெலிமானஸ்னு அரசோட மனநல உதவி எண், தமிழ்லயே பேசுவாங்க. செத்துடலாம்ங்கிற மாதிரி ஏதாவது பேசினா ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீங்க. அதை நேரா அவன்கிட்டயே கேட்கலாம், கேட்டா எண்ணம் வந்துடும்னு பயப்படாதீங்க.

உடம்பை அசைக்கிறதும் உதவும். ஆறு வாரம் சக்கரத்துல ஓட விட்ட எலிகள் தப்ப முடியாத ஷாக்குக்கு அப்புறமும் முடங்கல.

சந்தேகப்_பேர்வழி · இரவு 10.34

அந்த எலிகள் விருப்பப்பட்டு ஓடியவை இல்லையா? அப்பா விரட்டி பெசன்ட் நகர் பீச்சில் ஓடவைத்தால் அது கட்டுப்பாடு இல்லாத இன்னொரு துன்பம்தானே?

மருந்துச்சீட்டு · இரவு 10.50

நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன், ஆனா இல்ல. 2013ல கிரீன்வுட் குழு கட்டாயமாச் சக்கரத்தைச் சுழல வெச்சும் பார்த்தாங்க, அந்த எலிகளுக்கும் பாதுகாப்பு கிடைச்சது. அந்த முன்மூளைப் பகுதி வேலை செய்யாட்டியும் ஓட்டத்தோட பலன் கிடைச்சது. டிரெட்மில்ல கட்டாயமா ஓடின எலிகளுக்கு மட்டும் கிடைக்கல. ஓட்டம் வேற ஏதோ வழியில வேலை செய்யுது போல. இதை அப்பாகிட்ட காட்டாதீங்க.

தாம்பரம்_லோக்கல் · வியாழன், காலை 8.05

எல்லோருக்கும் நன்றி. எங்கள் ஆபீஸ் விஷயத்துக்கு நானே தேடியதில் வைட்ஹால் ஆய்வு கிடைத்தது. பிரிட்டிஷ் அரசு ஊழியர்களில், தன் வேலையில் தனக்கு முடிவெடுக்கும் இடம் குறைவாக இருந்தவர்களுக்கு இதயநோய் அதிகம், 1997இல் மைக்கேல் மார்மட் குழு வெளியிட்டது. வகுப்பு பற்றிக் கருத்துக் கேட்டு ஃபார்ம் அனுப்பியிருக்கிறார்கள். ஷிப்ட் மாற்றும்போது முன்கூட்டி எங்களிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் எழுதப்போகிறேன். டீமில் எல்லோரும் அதே வரியை எழுதுவதாகப் பேச்சு.

நீலாங்கரை_நண்டு · காலை 8.09

ஒரே வரியை எல்லாரும் காப்பி அடிச்சா எச்ஆர் கண்டுபிடிச்சுரும். ஆளுக்கொரு ஸ்பெல்லிங் மிஸ்டேக் போடுங்க.

நங்கநல்லூர்_அக்கா · இரவு 7.40

டீச்சர், டாக்டர், ரெண்டு பேருக்கும் நன்றி. நேத்து ராத்திரி அவன்கிட்ட நேராவே கேட்டேன். சாகற எண்ணம் எல்லாம் இல்லக்கான்னான், ஆனா ரொம்ப நேரம் அழுதான். சனிக்கிழமை டாக்டர்கிட்ட வர ஒத்துண்டான். பரீட்சைக்குப் பணம் கட்ட இன்னும் நாள் இருக்கு. எல்லா அரியரையும் சேத்துக் கட்டிடலாம்ங்கறார் அப்பா. ஒன்னே ஒன்னு கட்டினா போதும்னு எனக்குத் தோணறது. எதைக் கட்டலாம், மேத்ஸா, சுலபமானதா?

கணக்கு_டீச்சர் · இரவு 8.25

ஒன்றே போதும். எது என்பதை அவனையே சொல்ல விடுங்கள், மேத்ஸைச் சொன்னாலும் தடுக்காதீர்கள். பணம் கட்டும் கடைசி தேதியை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய விடைத்தாளின் நகல் இருந்தால் பெயர், ரெஜிஸ்டர் நம்பர் எல்லாவற்றையும் மறைத்துவிட்டுத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சொல்கிறேன்.